சாவி ஏன் வர மறுக்கிறது?

கார் வந்து நின்றுவிட்டது. எஞ்சினும் அணைந்துவிட்டது. ஓட்டி வந்தவர் சாவியைப் பிடித்து இழுக்கிறார். அது வரவில்லை. மேலும் பலமாக இழுக்கிறார். அப்போதும் வரவில்லை. பின்னால் இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். ஒருவர் எண்ணெய் விடச் சொல்கிறார். இன்னொருவர் குறடு கேட்கிறார்.

இப்படி ஒரு காட்சியை நீங்களும் எங்கேனும் பார்த்திருப்பீர்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் பார்ப்பீர்கள். காரை ஓட்டும் வயது உங்களுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் காரணத்தைச் சொல்ல வயது தேவையில்லை. ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் நீங்கள் படித்த உராய்வும் நெம்புகோலும் இதற்குப் போதும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு தீப்பெட்டி

காலியான தீப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு பகுதிகள் உண்டு: வெளிக்கூடு, அதற்குள் நகரும் தட்டு. தட்டின் அடிப்பக்கம் மேலே இருக்கும்படி பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். இப்போது கூட்டையும் தட்டின் அடியையும் சேர்த்து ஒரு குண்டூசியைச் செங்குத்தாகக் குத்துங்கள். தட்டைத் தள்ளிப் பாருங்கள். நகராது. ஊசியை வெளியே எடுத்துவிட்டால் தாராளமாக நகரும்.

கூடும் தட்டும் ஒன்றையொன்று தொடும் தளத்தை 'நழுவு தளம்' என்று அழைப்போம். ஏதாவது ஒரு பொருள் இந்தத் தளத்தைக் குறுக்கே கடந்து நின்றால் நகர்ச்சி இல்லை. எதுவும் கடக்காவிட்டால் நகர்ச்சி உண்டு. உலகிலுள்ள பெரும்பாலான பூட்டுகளின் இரகசியம் இவ்வளவுதான். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் எகிப்தியர் செய்த மரப் பூட்டும் இந்தத் தத்துவத்தில்தான் இயங்கியது. 1861-இல் அமெரிக்கரான இளைய லைனஸ் யேல் சிறிய தட்டைச் சாவியுடன் காப்புரிமை பெற்ற உருளைப் பூட்டுக்கும் அதுவே அடிப்படை.

தீப்பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது.

பூட்டுக்குள் நடப்பது

கார்ப் பூட்டில் வெளிக்கூடு ஒன்றும், அதற்குள் சுழலும் உருளை ஒன்றும் இருக்கின்றன. உருளையில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு சன்னல் உண்டு. சாவி இந்தச் சன்னல்களின் வழியே நுழைகிறது. தகட்டுக்கு ஒரு சிறு சுருள்வில்லும் உண்டு.

சாவி இல்லாதபோது சுருள்வில்கள் தகடுகளைத் தள்ளுகின்றன. தகடுகளின் விளிம்பு உருளைக்கு வெளியே நீண்டு, கூட்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தீப்பெட்டியில் குண்டூசி நின்றது போல. எனவே உருளை சுழலாது.

சரியான சாவியை நுழைத்தால் அதன் மேடுபள்ளங்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்தில் நிறுத்துகின்றன. எல்லாத் தகடுகளும் உருளையின் மேற்பரப்போடு சமமாகிவிடும். நழுவு தளத்தைக் கடந்து நிற்பது ஒன்றுமில்லை. உருளை சுழல்கிறது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். சாவியை உருவ வேண்டுமானால் என்ன நடக்க வேண்டும்? சாவியின் மேடுகளும் பள்ளங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தகடுகளைக் கடந்து வர வேண்டும். அப்போது தகடுகள் மேலும் கீழும் ஆட வேண்டியிருக்கும். ஆடுவதற்கு இடம் வேண்டும் அல்லவா? அந்த இடம் கூட்டில் உள்ள பள்ளம்தான். அந்தப் பள்ளமோ, உருளை 'லாக்' என்ற நிலைக்குத் திரும்பி வந்தால்தான் தகடுகளுக்கு நேராக வரும். வேறெந்த நிலையிலும் தகடுகளுக்கு வெளியே வழவழப்பான சுவர்தான் இருக்கிறது. தகடுகள் அசைய முடியாது. அவை சாவியின் பள்ளங்களில் பற்களைப் போலப் பதிந்து நிற்கும்.

ஆகவே சாவி வராதபோது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு பலமாக இழுப்பது?' என்பதல்ல. 'உருளை முழுவதும் திரும்பி வந்துவிட்டதா?' என்பதே. பல தடவைகளில் பூட்டு பழுதடைந்திருப்பதில்லை. அது தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது. உருளை ஏன் முழுவதும் திரும்பவில்லை என்று கண்டுபிடித்தால் போதும்.

அதைத் தடுப்பவை பெரும்பாலும் மூன்று.

முதல் காரணம்: ஸ்டியரிங் பூட்டு

கார்ச் சாவி மூன்று வேலைகளைச் செய்கிறது. மின்சாரத்தை இணைக்கிறது, எஞ்சினைக் கிளப்புகிறது, ஸ்டியரிங்கைப் பூட்டுகிறது. தொடக்கக் காலத்துக் கார்களில் இவை ஒன்றாக இருக்கவில்லை. கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. சாவியைத் திருப்பினாலே எஞ்சின் கிளம்பும் வசதியை 1949-இல் கிரைஸ்லர் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. திருட்டைத் தடுக்க ஸ்டியரிங்கைப் பூட்டும் ஏற்பாடு பின்னர் பரவலாயிற்று.

இந்த ஏற்பாடு எளிமையானது. சாவியை உருவியதும் ஓர் எஃகுத் தாழ் முன்னே பாய்ந்து ஸ்டியரிங் தண்டிலுள்ள வெட்டு ஒன்றில் விழுகிறது. ஸ்டியரிங் திரும்பாது. மீண்டும் சாவியைப் போட்டுத் திருப்பும்போது அந்தத் தாழ் பின்வாங்க வேண்டும். மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் கைப்பிடியை ஒரு பக்கமாகத் திருப்பிப் பூட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே தாழ்தான்.

சக்கரங்களை வளைத்து நிறுத்தியிருந்தால் என்ன ஆகும்? தரையில் அழுந்தி முறுங்கியிருக்கும் டயர்கள், நேராவதற்காக ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். வெட்டின் சுவர் தாழைப் பக்கவாட்டில் நெருக்குகிறது. தாழ் பின்வாங்க முடியாமல் சிக்கிக்கொள்கிறது. சாவியும் திரும்புவதில்லை.

தீப்பெட்டியை மறுபடி எடுங்கள். குண்டூசியைப் பழையபடி குத்துங்கள். ஒரு விரலால் தட்டைத் தள்ளிக்கொண்டே ஊசியை இழுத்துப் பாருங்கள். எளிதில் வராது. தள்ளுவதை நிறுத்திவிட்டு இழுங்கள். சுலபமாக வரும். மழைக்காலத்தில் உப்பிப்போன கதவின் தாழ்ப்பாளை நீக்க அம்மா என்ன செய்கிறார்? ஒரு கையால் கதவை அழுத்திக்கொண்டு மறு கையால் தாழ்ப்பாளை இழுக்கிறார். நெருக்கும் விசையைக் குறைத்தால் உராய்வும் குறைகிறது என்ற விதியை அவர் நாள்தோறும் பயன்படுத்துகிறார்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். எண்களை நாமே எடுத்துக்கொள்வோம்.

ஸ்டியரிங் வளையத்தின் ஆரம் 18 செ.மீ. அதன் விளிம்பில் 50 நியூட்டன் விசை செயல்படுவதற்குச் சமமான முறுக்கு இருப்பதாகக் கொள்வோம். திருப்புத்திறன் 50 × 18 = 900 நியூட்டன்–செ.மீ. தாழ் இருப்பதோ தண்டின் மையத்திலிருந்து 1.5 செ.மீ. தூரத்தில். ஆகவே தாழின்மீது விழும் விசை 900 ÷ 1.5 = 600 நியூட்டன். எண்ணெய்ப் பசையுள்ள எஃகுக்கு உராய்வுக் குணகம் 0.15 என்றால், தாழை இழுக்க 600 × 0.15 = 90 நியூட்டன் வேண்டும்.

இனி விரல்களின் பக்கம். சாவியின் தலை 2 செ.மீ. அகலம். இரு விரல்களும் இரு ஓரங்களில் ஆளுக்கு 20 நியூட்டன் கொடுத்தால் திருப்புத்திறன் 20 × 2 = 40 நியூட்டன்–செ.மீ. தாழை இழுக்கும் பகுதி உருளையின் மையத்திலிருந்து அரை செ.மீ. தூரத்தில் இருந்தால், கிடைக்கும் விசை 80 நியூட்டன். வேண்டியதோ 90. சாவி அசையாது!

இப்போது ஒரு கையால் ஸ்டியரிங்கை, அது இடங்கொடுக்கும் பக்கமாக மெல்ல அழுத்துங்கள். 50 நியூட்டன் 10 ஆகக் குறைந்தால், தேவைப்படும் இழுவிசை 90-இலிருந்து 18 ஆகிவிடும். மறு கையின் இரண்டு விரல்களே போதும். எந்தப் பக்கம் அழுத்துவது என்று தெரியாவிட்டால் இரு பக்கமும் மெல்ல ஆட்டிப் பார்க்கலாம். ஒரு பக்கம் உடனே முட்டும். மறு பக்கம் சிறிது இடம் இருக்கும். அந்த இடமுள்ள பக்கந்தான் வேண்டியது.

இரண்டாம் காரணம்: கியர்த் தண்டு

தானியங்கிக் கியர் உள்ள கார்களில் 'பி' என்றொரு நிலை உண்டு. வண்டியை நிறுத்தி வைப்பதற்கான நிலை அது. கியர்ப்பெட்டிக்குள் ஒரு கொக்கி, பற்சக்கரத்தில் விழுந்து வண்டி உருளாமல் பிடித்துக்கொள்ளும். இந்த நிலைக்கு வராத காரிலிருந்து ஒருவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டால், சரிவில் வண்டி தானே உருளக்கூடும். உள்ளே இருக்கும் குழந்தை தண்டை அசைத்துவிட்டாலும் அதே ஆபத்து. அமெரிக்காவில் 1990-இல் பாதுகாப்பு விதியைத் திருத்தி, 'பி' நிலையில் பூட்டிக்கொண்டால் அன்றிச் சாவி வரக்கூடாது என்று ஆக்கினார்கள்.

ஆகவே தானியங்கிக் காரில் சாவி வரவில்லை என்றால் முதலில் கியர்த் தண்டைப் பாருங்கள். பார்வைக்கு அது 'பி'யில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் முழுவதும் போய் உட்கார்ந்திருக்காது. கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, தண்டை ஒருமுறை வெளியே எடுத்து மறுபடி 'பி'க்குத் தள்ளினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில வண்டிகளில் இந்தப் பிடிப்பை ஒரு மின்காந்தம் இயக்குகிறது. பாட்டரி தீர்ந்துபோனால் அது விடுவிக்காது. சாவியைத் திட்டுவதில் பயனில்லை. பாட்டரிக்கு மின்னேற்றம் செய்ய வேண்டும்.

கையால் கியர் மாற்றும் கார்கள் சிலவற்றில் வேறொரு காவல் இருக்கிறது. 'லாக்' நிலைக்குத் திருப்பும்போது சாவியைச் சற்று உள்ளே அழுத்த வேண்டும். ஓடும் வண்டியில் தவறுதலாக ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இது தெரியாதவர் சாவி சிக்கிவிட்டது என்றே நினைப்பார்.

மூன்றாம் காரணம்: தூசியும் தேய்வும்

ஸ்டியரிங்கும் கியரும் சரியாக இருந்தும் சாவி வரவில்லையா? அப்படியானால் தகடுகளைச் சந்தேகிக்கலாம். சட்டைப்பையின் பஞ்சும், தெருத் தூசியும், பழைய எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து தகடுகளை ஒட்டவைத்துவிடும். சுருள்வில் தள்ளினாலும் தகடு நகராது.

இங்கேதான் பலர் தேங்காய் எண்ணெயையோ தையல் மெஷின் எண்ணெயையோ தேடுகிறார்கள். எண்ணெய் அன்றைக்கு வேலை செய்யும். பிறகு தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு சில மாதங்களில் முன்னிலும் மோசமாக்கும். பூட்டுக்கு ஏற்றது உலர்ந்த மசகு. கிராஃபைட் தூள் அவற்றுள் ஒன்று. கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஓர் அடுக்குக்குள் பிணைப்பு வலிமையானது; அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே பிணைப்பு மிக மெலிது. சீட்டுக்கட்டைத் தள்ளினால் சீட்டுகள் நழுவுவதுபோல அடுக்குகள் நழுவுகின்றன. பென்சிலால் எழுத முடிவதும் இதனால்தான். ஆனால் பென்சில் குச்சியில் களிமண்ணும் கலந்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள். பூட்டுக்கென விற்கும் தூளே நல்லது. அதையும் சிட்டிகையளவே இட வேண்டும். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். பூட்டுக்குப் பின்னாலேயே மின் சுவிட்சு இருக்கிறது.

தேய்வு வேறொரு தொல்லை. பல சாவிகளில் ஒரு பள்ளத்துக்கும் அடுத்த ஆழத்துப் பள்ளத்துக்கும் இடையே வேறுபாடு சுமார் அரை மில்லிமீட்டர்தான். ஆண்டுக்கணக்கில் உரசி உரசி மேடுகள் மழுங்கினால் தகடுகள் சரியான உயரத்துக்கு வருவதில்லை. தேய்ந்த சாவியைக் கொடுத்து நகல் எடுத்தால், நகலிலும் அந்தத் தேய்வு அப்படியே வந்துவிடும். வெட்டியவரின் பிழையும் அதோடு சேரும். ஆகவே வீட்டில் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் இரண்டாவது சாவியிலிருந்து நகல் எடுக்க வேண்டும். பல புதிய வண்டிகளின் சாவித் தலைக்குள் ஓர் மின்னணுச் சில்லு இருக்கிறது. அவற்றுக்கு வெறும் உலோக நகல் போதாது.

குறடு வேண்டாம்!

இனி அந்தக் குறடு கேட்டவரிடம் போவோம். குறட்டின் நீளம் 15 செ.மீ. அதன் முனையில் 100 நியூட்டன் கொடுத்தால் திருப்புத்திறன் 1,500 நியூட்டன்–செ.மீ. விரல்கள் கொடுத்த 40-ஐப்போல் ஏறத்தாழ 37 மடங்கு! தாழ் சிக்கியிருக்கும்போது இத்தனை முறுக்கும் எங்கே போகும்? சாவியின் மிக ஆழமான பள்ளத்தில் போய்க் குவியும். அங்கேதான் உலோகம் குறுகலாக இருக்கிறது. சாவி அங்கே முறியும். பாதி கையில், பாதி பூட்டுக்குள். இரண்டு விரல்களால் தீர்ந்திருக்க வேண்டிய வேலை, பூட்டையே மாற்றும் செலவில் போய் முடியும்.

சிக்காத சாவியின் ஆபத்து

சாவி இறுக்கமாக இருப்பது தொல்லை என்று நினைக்கிறோம். அது தளர்வாக இருந்தால் என்ன ஆகும்?

2014-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலிய சுமார் 26 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் சாவி சிக்கவில்லை. அளவுக்கு மீறி எளிதாகத் திரும்பியது. 'ஆன்' நிலையில் சுவிட்சைப் பிடித்து நிறுத்துவது சுருள்வில் தள்ளும் ஒரு சிறு முளை. அது குறைந்தது 15 நியூட்டன்–செ.மீ. முறுக்கையாவது தாங்க வேண்டும் என்பது வடிவமைப்பு. உண்மையில் அதைவிடக் குறைவாகவே தாங்கியது. கனமான சாவிக்கொத்து ஆடினாலோ, முழங்கால் இடித்தாலோ, சாலையில் வண்டி குலுங்கினாலோ, ஓடும்போதே சாவி 'ஆன்' நிலையிலிருந்து விலகியது. எஞ்சின் நின்றது. ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைத்துவந்த துணைவிசை போயிற்று. மின்சாரம் துண்டிக்கப்பட்டதால் மோதலின்போது காற்றுப் பைகளும் விரியவில்லை. இழப்பீடு வழங்க அந்த நிறுவனம் ஏற்படுத்திய திட்டம் 124 மரணங்களுக்கு ஈடு வழங்க ஒப்புக்கொண்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. 2006-இல் அந்த முளையையும் சுருள்வில்லையும் மாற்றியிருந்தார்கள். ஆனால் உறுப்பின் எண்ணை மாற்றவில்லை. பழைய உறுப்பும் புதிய உறுப்பும் ஒரே எண்ணில் இருந்ததால், காரணத்தைத் தேடியவர்கள் நெடுங்காலம் திகைத்தார்கள். ஆய்வகக் குறிப்பேட்டில் மாற்றங்களை எழுதி வைக்கும்படி ஆசிரியர் ஏன் வற்புறுத்துகிறார் என்று புரிகிறதா?

எனவே கார்ச் சாவியோடு வீட்டுச் சாவி, பீரோ சாவி, பொம்மை, சங்கிலி என்று கொத்தாகத் தொங்கவிட வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள். அந்தக் கனம் ஆடி ஆடிப் பூட்டையும் தேய்க்கிறது.

வரிசையாக நினைவில் கொள்க

சாவி சிக்கியதா? வண்டி முற்றிலும் நின்றிருக்க வேண்டும். ஓட்டுநரின் இருக்கையில் பெரியவர் இருக்க வேண்டும். கை பிரேக்கைப் போடச் சொல்லுங்கள். கியர்த் தண்டு 'பி'யில் முழுவதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை மெல்ல ஆட்டி, நெருக்கத்தைத் தளர்த்திக்கொண்டே சாவியை 'லாக்' வரை திருப்பச் சொல்லுங்கள். வேண்டுமானால் சாவியைச் சற்று உள்ளே அழுத்தலாம். அதற்கும் வராவிட்டால் சாவியை இலேசாக முன்னும் பின்னும் அசைத்துத் தகடுகளுக்கு வழிவிடலாம். அப்போதும் வரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில் இந்தச் சாவித் துளையே இல்லை. ஆனால் 'பி'க்கு வராமல் அணைத்தால் எச்சரிப்பது போன்ற பழைய காவல்களை, அவற்றிலுள்ள கணிப்பொறி செய்துகொண்டிருக்கிறது.

யோசித்துப் பாருங்கள்

1. மேடுகள் நன்றாகத் தேய்ந்துபோன சாவியைச் சில பழைய வண்டிகளில் 'ஆன்' நிலையிலேயே உருவிவிட முடியும். தகடுகளை நினைத்துக்கொண்டு காரணம் சொல்லுங்கள்.

2. சரிவான தெருவில் தானியங்கிக் காரை நிறுத்தும்போது, 'பி'க்குத் தள்ளுவதற்கு முன்பே கை பிரேக்கைப் போட வேண்டும் என்கிறார்கள். பிறகு போட்டால், மறுபடி கியர்த் தண்டை எடுப்பது ஏன் கடினமாகிறது? தீப்பெட்டியும் குண்டூசியும் கையில் இருந்தால் விடை உடனே கிடைக்கும்.